குளிர்காலையில் பழைய லாரி மக்கர் செய்வது ஏன்?

மார்கழி என்றால் நம் ஊர்ப்பக்கம் வாசல் கோலமும் கோயில் வெண்பொங்கலும் நினைவுக்கு வரும். சண்டிகரில் இருக்கும் நமக்கு மார்கழி என்பது பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூடுபனியும், 5 டிகிரிக்கு இறங்கிவிடும் விடியற்காலையும்தான். மனிதர்களுக்கே எழுந்திருக்க மனம் வராத அந்த நேரத்தில் பழைய டீசல் வண்டிகளுக்கு மட்டும் எப்படி மனம் வரும்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழிக் காலை. கோயில் பூஜைக்குப் பிரசாதப் பாத்திரங்களைக் கொண்டுவர வேண்டிய நண்பர் ஆறரை மணி வரை வரவில்லை. வேர்த்து விறுவிறுத்து ஆட்டோவில் வந்து இறங்கினார். "வண்டி கிளம்ப மாட்டேங்குதுங்ண்ணா. நாலு நாளா இதே கதை" என்றார்.

அவர் சங்ககிரிப் பக்கத்துக்காரர். லாரித் தொழிலில் பிறந்து வளர்ந்தவர். இங்கே 2003 மாடல் டாடா 407 ஒன்றை வைத்துக்கொண்டு, 26-ஆம் செக்டார் மண்டியில் காய்கறி எடுத்து, வீட்டில் அரைத்த இட்லி மாவையும் ஏற்றி, ஓட்டல்களுக்கும் மெஸ்களுக்கும் கொடுத்து வருகிறார். ஐந்து மணிக்கு மாவு போய்ச் சேராவிட்டால் அந்த ஓட்டலில் அன்று இட்லி கிடையாது. இரண்டு நாள் பொறுப்பார்கள்; மூன்றாம் நாள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். ஒரு மெஸ் ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தது.

அவர் காட்டிய மெக்கானிக் இரண்டு நிமிடம் செல்ஃப் அடித்துப் பார்த்துவிட்டு, "இன்ஜின் பைட் கயா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாராம். அதாவது இன்ஜின் உட்கார்ந்துவிட்டது. பிரித்து ரிங், லைனர் மாற்ற வேண்டும், பம்பையும் பிரிக்க வேண்டும், தொண்ணூறாயிரம் ஆகும். மனைவியின் வளையல்களை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

நான் முப்பது ஆண்டுகள் பஸ் டெப்போ ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். "அடகுக் கடைக்கு ஒரு நாள் பொறுத்துப் போகலாம் தம்பி. நாளைக் காலை நான் வரும்வரை வண்டியைத் தொடாதீர்கள்" என்றேன். மறுநாள் நாங்கள் பார்த்ததை, பழைய டீசல் வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் பயன்படும்படி இங்கே எழுதுகிறேன். காமன் ரெயில், கம்ப்யூட்டர் எல்லாம் உள்ள புது வண்டிகளுக்கு இது முழுவதும் பொருந்தாது. மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய வண்டிகளுக்கானது.

டீசல் இன்ஜின் எப்படிப் பிடிக்கிறது?

பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் தீப்பொறி கொடுக்கும். டீசல் இன்ஜினில் அது கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றை அழுத்தினால் சூடாகும் என்பதுதான் டீசல் இன்ஜினின் அடிப்படை. இந்த வகை லாரிகளில் சிலிண்டருக்குள் வந்த காற்றை பிஸ்டன் ஏறத்தாழ 17-இல் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறது. அந்தச் சூட்டில் நாசில் டீசலைத் தூவுகிறது. டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது.

டீசல் தானே பற்றுவதற்குச் சுமார் 250 டிகிரி போதும் என்றாலும், தூவிய துளி ஆவியாகி, காற்றோடு கலந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பகுதிக்குள் பற்ற வேண்டுமே! அதற்குக் காற்று இன்னும் நன்றாகவே சூடேறியிருக்க வேண்டும். வெளிக்காற்று 30 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறங்கினால் குறைவது 25 டிகிரிதான். ஆனால் அழுத்தி முடித்தபின் பார்த்தால் அந்தக் குறைவு இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடுகிறது.

அத்தோடு நிற்பதில்லை. குளிரில் இன்ஜின் ஆயில் கெட்டிப்படுகிறது. சுற்றுவதற்குக் கூடுதல் பலம் வேண்டும். பாட்டரியோ அதே குளிரில் பலம் குறைந்து நிற்கிறது. பூஜ்ய டிகிரியை நெருங்கும்போது நல்ல பாட்டரியே தன் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இழந்துவிடும். இன்ஜின் மெதுவாகச் சுற்றினால், அழுத்திய காற்று ரிங்கின் ஓரமாகக் கசியவும், சூடு சிலிண்டர் சுவருக்குள் இறங்கவும் அவகாசம் கிடைத்துவிடுகிறது. நிமிடத்துக்கு 100 சுற்றுக்குக் கீழே போனால் பெரும்பாலான டீசல் இன்ஜின்கள் பிடிப்பது அரிது.

ஆகவே, குளிர் புதிதாக ஒரு கோளாறை உண்டாக்குவதில்லை. பாட்டரியில் கொஞ்சம், ஒயரில் கொஞ்சம், நாசிலில் கொஞ்சம் என்று முன்பே இருந்த குறைகள் கோடையில் வெளியே தெரியாமல் இருந்தன. குளிர் அவற்றை ஒன்றாகக் கூட்டிக் காட்டுகிறது. ஒரே காரணத்தைத் தேடி நேராக இன்ஜினைப் பிரிப்பவர்கள் பணத்தை இழப்பது இதனால்தான்.

முதலில் காதும் கண்ணும்

ஸ்பானரை எடுக்குமுன் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். இன்னொருவர் சைலன்சர் அருகே நிற்கட்டும். வண்டி இரவு முழுதும் நின்று குளிர்ந்திருக்க வேண்டும். மதியம் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டால் இந்தக் கோளாறு ஒளிந்துகொள்ளும்.

கவனிக்க வேண்டியவை மூன்று. இன்ஜின் "ட்ர்ர்... ட்ர்ர்..." என்று இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? அப்படியானால் கோளாறு மின்சாரத்திலோ ஆயிலிலோ இருக்கிறது. வேகமாகச் சுற்றியும் சைலன்சரில் புகையே இல்லையா? டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வேகமாகச் சுற்றி, கண் எரியும் வெள்ளைப் புகை வருகிறதா? டீசல் போகிறது, ஆனால் பற்றவில்லை. இந்த மூன்றில் உங்கள் வண்டி எது என்று தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது.

மெதுவாகச் சுற்றினால்

பாட்டரியிலிருந்து தொடங்குங்கள். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியைச் சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவி, சுரண்டி, இறுக மாட்டி, வாஸ்லைன் தடவுங்கள். இரவு முழுதும் நின்ற 12 வோல்ட் பாட்டரி மீட்டரில் 12.6 காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறத்தாழ பாதிதான். மூடி திறக்கும் பாட்டரியானால் ஹைட்ரோமீட்டர் போடுங்கள், 1.26 முதல் 1.28 வரை நல்லது, 1.20 என்றால் பாதி. ஐந்து செல்லில் சரியாகக் காட்டி ஒரு செல்லில் மட்டும் மிகக் குறைவாகக் காட்டினால் அந்தப் பாட்டரியின் ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது.

செல்ஃப் அடிக்கும்போது பாட்டரியின் இரண்டு முனைகளிலும் வோல்ட் பாருங்கள். சுமார் 9.6-க்குக் கீழே விழுந்தால் பாட்டரி பலவீனம், அல்லது ஸ்டார்ட்டர் மோட்டார் அளவுக்கு மேல் கரண்டை இழுக்கிறது. பெரிய லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பாட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் இருக்கும். அங்கே எல்லாக் கணக்கும் இரட்டிப்பு. அவற்றில் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

இதுவரை பலரும் பார்ப்பார்கள். பார்க்காமல் விடுவது எர்த் ஒயரை. மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் மைனஸிலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கில் சுத்தமான இரும்பிலும் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், பாட்டரியின் பலம் வழியிலேயே வீணாகிறது என்று பொருள். அதேபோல் பாட்டரி பிளஸுக்கும் ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டுக்கும் இடையிலும் பாருங்கள்.

நண்பரின் வண்டியில் பாட்டரி 12.5 காட்டியது. செல்ஃப் அடித்தபோது 10.4. பாட்டரி மேல் குற்றமில்லை. மைனஸுக்கும் பிளாக்குக்கும் இடையே வைத்தால் 1.8! கீழே படுத்துப் பார்த்தோம். இன்ஜினையும் சேஸிஸையும் இணைக்கும் பின்னல் பட்டை துருவேறி, பாதி இழைகள் அறுந்து கிடந்தது. "மத்தியானம் நல்லாக் கிளம்புதுங்களே, அது எப்படி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மதியம் ஆயில் இளகியிருக்கும். ஸ்டார்ட்டர் குறைந்த கரண்டை இழுக்கும். அந்த அரைகுறைப் பட்டை தாக்குப்பிடிக்கும். காலையில் ஸ்டார்ட்டர் அதிகக் கரண்டைக் கேட்கும்போதுதான் பட்டை கைவிரிக்கிறது.

அடுத்தது ஆயில். போன சர்வீசில் என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டேன். இன்ஜின் ஆயில் குடிக்கிறது என்று சொல்லி யாரோ எஸ்.ஏ.இ. 40 என்ற ஒற்றை கிரேடு கெட்டி ஆயிலை ஊற்றிக் கொடுத்திருந்தார்கள். நம் ஊர் வெயிலில் அது ஓடும். 5 டிகிரியில் அது பாகு மாதிரி ஆகிவிடும். 15டபிள்யூ-40 என்று டப்பாவில் போட்டிருந்தால், முதல் எண் குளிரில் எவ்வளவு இளக்கமாக இருக்கும் என்பதையும், இரண்டாம் எண் சூட்டில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதையும் குறிக்கும். முதல் எண் சிறியதானால் குளிரில் இளக்கம் அதிகம். வண்டிக் கையேட்டில் சொன்ன கிரேடை ஊற்றுவதே நல்லது.

வேகமாகச் சுற்றியும் புகை வராவிட்டால்

முதல் சந்தேகம் காற்று. டாங்கிலிருந்து பம்ப் வரை வரும் பைப்பில் டீசல் வெளியே கசியாத அளவு சிறிய ஓட்டை இருந்தாலும் போதும், காற்று உள்ளே நுழைந்துவிடும். இரவு முழுதும் வண்டி நிற்கும்போது டீசல் மெல்ல டாங்குக்கே திரும்பிப் போய்விடும். காலையில் எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் பம்புக்கு வருவது காற்றுதான். ரப்பர் ஓஸ் குளிரில் விறைத்துச் சுருங்குவதால் பனிக்காலத்தில் இது அதிகம்.

கண்டுபிடிப்பது சுலபம். செல்ஃப் அடிக்குமுன் ஃபீட் பம்பில் உள்ள கைப்பிடியை முப்பது முறை அடித்துப் பாருங்கள். முதலில் லேசாகப் போய், பிறகு கை இறுகினால், உள்ளே டீசல் இல்லாமல் இருந்தது என்று பொருள். உடனே வண்டி கிளம்பிவிட்டால் காரணம் கிடைத்துவிட்டது. ஓஸ்களையும் யூனியன்களின் காப்பர் வாஷர்களையும் மாற்றுங்கள். இதற்காக இன்ஜெக்‌ஷன் பம்பைப் பிரிக்கத் தேவையே இல்லை.

ஃபில்ட்டரின் அடியில் உள்ள பிளக்கைத் திறந்து தண்ணீர் நிற்கிறதா பாருங்கள். இன்ஜினை நிறுத்தும் கேபிள் முழுதாகத் திரும்பி வருகிறதா என்றும் பாருங்கள். க்ரீஸ் உறைந்து, கேபிள் பாதியில் நின்றாலும் பம்ப் டீசலை விடாது. ஐந்து நிமிடப் பார்வையில் தீரும் இந்தக் கோளாறுக்குப் பம்பைக் கழற்றியதை என் சர்வீசில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

டீசலே கெட்டிப்படுவதும் உண்டு. டீசலில் மெழுகு கலந்திருக்கிறது. குளிரில் அது சிறு துகள்களாகப் பிரிந்து ஃபில்ட்டரை அடைக்கும். நம் நாட்டின் ஐ.எஸ். 1460 தரக்குறிப்பு இதற்காகவே கோடைக்கு ஒரு வரம்பும் குளிர்காலத்துக்கு ஒரு வரம்பும் வைத்திருக்கிறது. ஃபில்ட்டர் அடைபடும் வெப்பநிலை கோடை டீசலில் 18 டிகிரி வரையும், குளிர்கால டீசலில் 6 டிகிரி வரையும் இருக்கலாம். ஆகவே அக்டோபரில் நிரப்பிய டாங்கோடு டிசம்பர் வரை நின்ற வண்டியில் புது டீசல் போட்டு, ஃபில்ட்டரையும் மாற்றிவிட்டுப் பாருங்கள். லடாக் போன்ற இடங்களுக்கு இதுவும் போதாது. மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத தனி டீசலை இந்தியன் ஆயில் 2019-இல் அங்கே கொண்டுவந்தது.

வெள்ளைப் புகை வந்தும் பிடிக்காவிட்டால்

பழைய மாடடார் வேன் போன்ற வண்டிகளில் ஹீட்டர் பிளக் இருக்கும். அவற்றில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். பழைய கம்பிச்சுருள் வகையில் பிளக்குகள் தொடராக இணைந்திருக்கும். ஒன்று போனால் எல்லாம் போகும். பென்சில் வகையில் போனது மட்டும் வேலை செய்யாது. அந்தச் சிலிண்டர் மட்டும் தாமதமாகச் சேர்ந்துகொள்ளும். நேரடியாகச் சிலிண்டருக்குள் டீசல் தூவும் பெரும்பாலான பழைய லாரிகளில் ஹீட்டர் பிளக்கே கிடையாது. இல்லாத பொருளை மாற்றியதாகப் பில் வந்தால் ஏமாறாதீர்கள்.

அடுத்தது நாசில். நன்றாக இருக்கும் நாசில் டீசலைப் பனிபோலத் தூவும். தேய்ந்தது குழாய்போலச் சொட்டும். சொட்டும் டீசல் குளிர்ந்த சிலிண்டரில் பற்றாது. நாசில்களைக் கழற்றிப் பம்ப் சர்வீஸ் கடையில் டெஸ்ட் செய்யச் சொல்லி, அருகிலேயே நின்று பாருங்கள். தூவுகிறதா சொட்டுகிறதா என்பதை யாரும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். அந்தப் பீச்சலின் எதிரே விரலை மட்டும் நீட்டாதீர்கள். தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும் அழுத்தம் அது.

டைமிங், வால்வ் இடைவெளி இரண்டையும் பார்த்த பிறகுதான் கம்ப்ரஷன் டெஸ்ட். எல்லாச் சிலிண்டரும் ஏறக்குறைய சமமாகக் காட்டுகின்றனவா என்பது முக்கியம். ஒன்று மட்டும் மிகக் குறைவாக இருந்து, சூடான இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்தால் புகையும் பீறிட்டு வந்தால், அப்போது ரிங், லைனர் பற்றிப் பேசலாம். மெக்கானிக் முதலில் சொன்ன வேலை, வரிசையில் கடைசியாக வர வேண்டியது.

செய்யக் கூடாதவை

குளிரில் அவசரப்பட்டு நாம் செய்யும் சில காரியங்கள் கோளாறைவிட ஆபத்தானவை.

ஆயில் சம்ப் அல்லது டாங்க் அடியில் துணியைக் கொளுத்திக் காட்டுவது இந்தப் பக்கத்தில் சாதாரணம். ஒயரும் பிரேக் ஓஸும் டீசல் பைப்பும் ஓடும் இடம் அது. ஒரு ஓஸ் இளகினாலே போதும், விபரீதம். கெட்டில் நிறைய வெந்நீரைத் துணி சுற்றிய டீசல் ஃபில்ட்டர் மேல் ஊற்றுவதில் அந்த ஆபத்து இல்லை.

ஈதர் ஸ்ப்ரேயைக் காற்றுக் குழாயில் அடிப்பது பிஸ்டனையும் ரிங்கையும் உடைக்கக்கூடியது. ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் அடித்தால் குழாயிலேயே வெடிக்கும். மண்ணெண்ணெய் கலப்பதும் வேண்டாம். பம்புக்கு டீசல்தான் மசகு, மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புக் குறைவு. செல்ஃபை விடாமல் அடிக்காதீர்கள். 10, 15 விநாடி அடித்து, ஒரு நிமிடம் விடுங்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றுவதும் கூடாது. அந்தப் புகை உயிருக்கே ஆபத்து.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, தள்ளி ஸ்டார்ட் செய்வது. வேக்குவம் பிரேக் உதவி உள்ள வண்டியில் அந்த வேக்குவத்தை உண்டாக்குவது ஓடும் இன்ஜின். இன்ஜின் ஓடாவிட்டால் பிரேக் கல்போல இருக்கும். நண்பரின் மகன் கல்லூரியில் படிக்கிற பையன். மூன்றாம் நாள் காலையில் பக்கத்து வீட்டுப் பையன்களோடு சேர்ந்து, தெருச் சரிவில் பனிமூட்டத்தில் வண்டியைத் தள்ளியிருக்கிறான். வண்டி வேகமெடுத்தது, இன்ஜின் பிடிக்கவில்லை, பிரேக் அமுங்கவில்லை. வண்டி பூங்காச் சுவரில் உரசி நின்றது. முன்னால் யாரும் இல்லாதது முருகன் அருள். இதை நண்பர் என்னிடம் முதலில் சொல்லவே இல்லை. வளைந்த பம்பரைப் பார்த்துக் கேட்டபிறகுதான் சொன்னார். தொண்ணூறாயிரம் என்ற பேச்சைவிட இதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

வண்டி என்னவாயிற்று?

அன்று மாலையே எர்த் பட்டைக்குப் பதிலாகத் தடித்த கேபிள் போட்டோம். ஆயிலை வடித்து 15டபிள்யூ-40 ஊற்றினோம். டீசல் ஓஸில் ஒன்று வெடித்திருந்தது. அதையும், இரண்டு ஃபில்ட்டர்களையும் மாற்றினோம். மறுநாள் விடியற்காலை நாலரை மணி. நண்பர் கைபம்பை அடித்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துச் செல்ஃப் அடித்தார். நன்றாகச் சுற்றி, ஏழெட்டு விநாடியில் பிடித்துக்கொண்டது. ஆனால் இரண்டு நிமிடம் வெள்ளைப் புகை வந்து, ஒரு சிலிண்டர் தடுமாறியது. ஞாயிற்றுக்கிழமை நாசில்களை டெஸ்ட் செய்தோம். நான்கில் ஒன்று சொட்டியது. அதை மாற்றியதும் புகையும் அடங்கியது. எல்லாம் சேர்த்து, மெக்கானிக் சொன்னதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. வளையல்கள் கையிலேயே இருந்தன.

அந்த மெக்கானிக் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. இன்ஜினில் தேய்மானம் இருந்தது உண்மை. ஆனால் அவர் பார்த்தது பகல் பதினொரு மணிக்கு. கையில் மீட்டர் இல்லை. வயதான வண்டி என்றதும் முடிவு செய்துவிட்டார். நண்பரும் இந்தியில் திருப்பிக் கேட்கத் தயங்கி, தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். நம்மில் பலர் செய்வதும் அதுதான். "பாட்டரி எத்தனை வோல்ட்? எர்த் பார்த்தீர்களா? புகை என்ன நிறம்? நாசிலை நான் பார்க்கலாமா?" இந்த நான்கு கேள்விகளை எந்த மொழியில் கேட்டாலும் நல்ல மெக்கானிக் சந்தோஷமாகப் பதில் சொல்வார். பதில் சொல்லக் கோபப்படுபவரிடம் இன்ஜினைப் பிரிக்கக் கொடுக்காதீர்கள்.

அதற்குப் பிறகு அந்த 407 மூன்று குளிர்காலம் ஓடியது. பிறகுதான் ரிங், லைனர் வேலை வந்தது. அப்போது சேர்த்து வைத்த பணம் இருந்தது, அடகு தேவைப்படவில்லை.

இந்த ஆண்டும் பனி வருமுன், தீபாவளி முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பாட்டரி, எர்த், ஆயில், ஓஸ், ஃபில்ட்டர் ஆகிய ஐந்தையும் பார்த்து வைத்துவிடுங்கள். அரை நாள் வேலைதான். மார்கழியில் கோயிலுக்கும் மண்டிக்கும் நேரத்தோடு போய்ச் சேரலாம்.